பலகை எடுக்கும் நேரம்

விடிய இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது. கரைமேல் ஒரு கயிற்றுக் கட்டில் கிடக்கிறது. அதில் யாரும் படுத்திருக்கவில்லை. சீர்காழிக்குக் கிழக்கே, உப்பனாறு கடலைத் தேடி வளைந்து வளைந்து போகிற பக்கம். ஊர்ப் பெயர் வேண்டாம். இருட்டில் பனைகள் நிற்பது தெரிகிறது. குட்டைகளின் மேல் சுழலும் சக்கரங்கள் வாரி இறைக்கிற வெள்ளை நுரை தெரிகிறது. மற்றதெல்லாம் சத்தம்தான். ஒரு குட்டைக்கு ஆறு ஏரேட்டர், நான்கு குட்டை. மழை பெய்வதுபோல ராத்திரி முழுக்க அந்தச் சத்தம் ஓயவில்லை.

காவலுக்கு இருக்கும் பையனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கலாம். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு கரையோரமாக நடக்கிறான். நிற்கிறான். ஏரேட்டர் ஒன்றின் சத்தத்தில் மாற்றம் கேட்டிருக்க வேண்டும். தலையைச் சாய்த்துக் கேட்கிறான். பிறகு நடக்கிறான். பகலெல்லாம் வெயிலைக் குடித்துப் பிராணவாயுவை விடுகிற பச்சைப் பாசி, ராத்திரியில் இறாலோடு போட்டி போட்டு அதையே உறிஞ்சுகிறது. மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவில் தண்ணீரில் காற்று மிகவும் குறைந்துவிடும். அந்த நேரத்தில் கரண்ட் போனால் ஜெனரேட்டர் உடனே ஓடியாக வேண்டும். ஓடாவிட்டால் நான்கு மாத உழைப்பு விடியும்போது குட்டையடியில் செத்துக் கிடக்கும். பையன் தூங்காததற்குக் காரணம் அதுதான்.

மூன்றாவது குட்டையில் செக் ட்ரேயைத் தூக்குகிறான். வலை கட்டிய அகலத் தட்டு. தீவனம் நாலைந்து துகள் மிச்சம். இரண்டு இறால் துள்ளுகின்றன. ஒன்றை எடுத்து விளக்குக்கு நேராகப் பிடிக்கிறான். கண்ணாடி போன்ற உடம்புக்குள் குடல் ஒரு கறுப்புக் கோடாக ஓடுகிறது. அறுபடாமல் ஓடினால் நன்றாகத் தின்கிறது என்று அர்த்தம். கைக்குழந்தையைத் தொட்டிலில் விடுவதுபோல அதைத் தண்ணீரில் விடுகிறான்.

முதல் குட்டையின் பக்கம் அவன் போகவில்லை. அங்கே நேற்றுச் சாயங்காலத்தோடு தீவனத்தை நிறுத்திவிட்டார்கள். இன்றைக்கு அங்கே பிடிப்பு.

ஐந்து மணிக்கு உப்பங்கழியோரமாக ஆறேழு பெண்கள் வருகிறார்கள். சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை. இடுப்பில் ஓலைப் பறி. பேச்சு அதிகமில்லை. ஒவ்வொருவராகத் தண்ணீரில் இறங்குகிறார்கள். இடுப்பளவு வந்ததும் குனிந்து, பறியின் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவுகிறார்கள். கழியின் அடியில் ஒதுங்கும் இறாலை விரலால் தேடிப் பிடிக்கிற வேலை இது. வலை கிடையாது, படகு கிடையாது. தண்ணீருக்கு மேல் தலைகள் மட்டும் மெல்ல நகர்ந்து போகின்றன. முன்னால் போகிறவர் வயதானவர். மற்றவர்கள் அவரை அத்தை என்கிறார்கள்.

வெளிச்சம் பரவுவதற்குள் லாரி வந்துவிட்டது. பிளாஸ்டிக் கிரேட்டுகள் இறங்குகின்றன, ஐஸ் கட்டிகள் உடைபடுகின்றன. பன்னிரண்டு பேர் வலையோடு முதல் குட்டையில் இறங்குகிறார்கள். ஒருவர் மதகின் வாயில் பைவலையைக் கட்டுகிறார். பண்ணைக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரையில் நிற்கிறார். வாங்க வந்தவர் தராசுக்குப் பக்கத்தில். முதல் கிரேட் மேலே வருகிறது. இறால்கள் ஐஸ் தண்ணீரில் விழுந்த கணமே அடங்குகின்றன. ஒரு கிலோ நிறுத்து எண்ணுகிறார்கள்.

“எவ்வளவுண்ணே?”

“நாப்பத்தஞ்சு.”

பண்ணைக்காரர் முகத்தில் ஓர் இளக்கம். கிலோவுக்கு நாற்பத்தைந்து எண்ணிக்கை என்றால் நல்ல அளவு. அவர் மதகைப் பார்த்து, “ஒரு பலகை எடுடா” என்கிறார்.

இவர் எந்தக் கெடுதலும் நினைத்து இந்தத் தொழிலுக்கு வந்தவராகத் தெரியவில்லை. டீ குடிக்கும்போது வாங்க வந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: அப்பா காலத்தில் இது நஞ்சை. காவிரித் தண்ணீர் கடைமடைக்கு வராத வருசங்கள் கூடிக்கூடி, கடல் தண்ணீர் கழி வழியாக உள்ளே ஏறி, மூன்று போகம் தொடர்ந்து கருகிய பிறகுதான் குட்டை வெட்டியது. அந்தச் சொல்லில் உண்மை இருக்கிறது. குட்டை எதுவும் வெட்டுவதற்கு முன்பே உவர் ஏறிப்போன நிலம் இந்தக் கரையில் உண்டு. அப்படிப்பட்ட நிலத்தில் ஒரு ஏக்கரில் இரண்டரை டன் இறால் எடுப்பது சின்ன காரியமில்லை.

நீரில் வளர்ப்பதற்கு இயற்கையே கொடுத்த சலுகை ஒன்று உண்டு. மீனோ இறாலோ தன் உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளத் தீனியைச் செலவழிப்பதில்லை. உடலின் எடையைத் தண்ணீரே தாங்கிக்கொள்கிறது. அதனால் தின்றதில் பெரும்பங்கு சதையாகிறது. ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ தீவனத்தில் ஒரு கிலோ இறால். ஆட்டிலும் மாட்டிலும் இந்தக் கணக்கு நடக்காது. உலகம் இந்தப் பக்கம் சாய்ந்ததில் வியப்பில்லை. 2022இல் முதன்முறையாக, உலகில் கடலிலும் ஆற்றிலும் பிடித்த மீனைவிடப் பண்ணைகளில் வளர்த்தது அதிகமாகிவிட்டது என்று ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு கணக்குச் சொன்னது. 2023-24இல் இந்தியா ஏற்றுமதி செய்த கடலுணவு 60,000 கோடி ரூபாய்க்கும் மேல். அதில் மூன்றில் இரண்டு பங்கு உறைய வைத்த இறால். அந்த இறாலில் பெரும்பகுதி இப்படிப்பட்ட கரைகளில் தூங்காத பையன்கள் வளர்த்தது.

கரையோரம் காலித் தீவனச் சாக்குகள் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. அந்தச் சாக்குகளுக்குள் வந்ததில் ஒரு பங்கு கடல்தான். மத்தியும் நெத்திலியும், இழுவை மடியில் சிக்கிய குஞ்சு மீன்களும் காய்ந்து, அரைபட்டு, மீன்மாவாகி இங்கே வந்து சேர்கின்றன. ராமேசுவரம் பக்கம் அந்தப் பொடி மீனைச் சங்காயம் என்பார்கள். வளர விட்டிருந்தால் ஒருவர் வீட்டுக் குழம்புக்கு ஆகியிருக்கும் மீன் அதில் நிறைய உண்டு. பண்ணை கடலின் பாரத்தைக் குறைக்கிறது என்று சொல்கிறவர்கள் இந்தச் சாக்கை ஒரு தடவை பிரித்து மோந்து பார்க்க வேண்டும். சோயாவும் வேறு பயறுகளும் சேர்த்து மீன்மாவைக் குறைத்துக்கொண்டு வருகிறார்கள். நல்லதுதான். ஆனால் மீன் வாடை இன்னும் போகவில்லை.

வெயில் ஏறுகிறது. மதகில் இரண்டாவது பலகை எடுபடுகிறது. பிறகு மூன்றாவது.

இந்த நேரத்தில் கரையில் இருக்கிற எல்லார் கண்ணும் பைவலையில்தான். இறால் கூட்டமாக வந்து விழுகிறது, ஆட்கள் கத்துகிறார்கள், கிரேட்டுகள் கை மாறுகின்றன. தண்ணீரை யாரும் பார்க்கவில்லை. அது வலைக்கண் வழியாகப் பிதுங்கி, மதகுக்கு அந்தப் பக்கம் வாய்க்காலில் விழுந்து, திரும்பிப் பார்க்காமல் போகிறது. முதலில் பச்சை. குட்டை பாதி வடிந்ததும் பழுப்பு. கடைசிப் பலகைக்கு வரும்போது கறுப்பு. அந்தக் கறுப்பில் அழுகிய முட்டையின் நாற்றம். நுரை வாய்க்காலின் இரண்டு ஓரத்திலும் ஒட்டி நிற்கிறது.

ஒரு ஏக்கர் குட்டை, ஒன்றேகால் மீட்டர் ஆழம். கிட்டத்தட்ட 50 லட்சம் லிட்டர் தண்ணீர். இரண்டரை டன் இறாலுக்கு மூன்றரை டன் தீவனம் இந்தத் தண்ணீருக்குள் போயிருக்கிறது. தீவனத்தில் இருந்த தழைச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் இறாலாக லாரி ஏறுகிறது. மற்றது கழிவாகவும் எச்சமாகவும் தண்ணீரிலும் அடிச்சேற்றிலும் தங்குகிறது. விவசாயிக்குப் புரியும் அளவில் சொன்னால், ஆறு மூட்டை யூரியாவில் இருக்கிற தழைச்சத்து. அதில் கொஞ்சம் காற்றோடு போகும், கொஞ்சம் சேற்றோடு நிற்கும். எஞ்சியது இந்த வாய்க்கால் வழியாகக் கழிக்குப் போகிறது. வயலில் போட்டால் உரம். ஓடாத கழியில் விழுந்தால் பாசி கொழுத்து, செத்து, அழுகி, மீன் குஞ்சுக்கு வேண்டிய பிராணவாயுவைத் தின்றுவிடும். பொருள் ஒன்றுதான், எங்கே போய்ச் சேர்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

வாய்க்கால் கழியைத் தொடும் இடத்திலிருந்து ஒரு கூப்பிடு தூரத்தில் இன்னொரு பண்ணையின் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது. அது தண்ணீரை உள்ளே இழுக்கிறது. ஒருவர் வெளியே விட்டது அடுத்தவர் குட்டைக்குள் ஏறுகிறது. 1994-95இல் வெண்புள்ளி நோய் இந்தக் கடற்கரையைச் சூறையாடியது இப்படித்தான். அப்போது வளர்த்தது நம் கடலின் கருப்பு வரி இறால். நோய் கண்ட குட்டையின் தண்ணீரை அவசர அவசரமாகத் திறந்துவிட்டார்கள். பக்கத்துப் பண்ணை அதை இழுத்தது. ஒரே பருவத்தில் குட்டை குட்டையாகச் செத்தது. பிறகு 2009இல் வனாமி இறால் வந்தது. மெக்சிகோவிலிருந்து பெரு வரைக்குமான பசிபிக் கரை அதன் சொந்த ஊர். நோயற்ற தாய் இறாலை இறக்குமதி செய்து, சென்னை நீலாங்கரையில் தனிமைப்படுத்திச் சோதித்த பிறகே பொரிப்பகத்துக்கு அனுப்புகிறார்கள். குஞ்சு சுத்தம். சக்கரமும் மருந்தும் தீவனமும் மாறிவிட்டன. வாய்க்கால் மட்டும் பழைய வாய்க்கால்.

வாய்க்காலின் தென்கரையில் ஒரு துண்டு வயல். குட்டையை ஒட்டிய பத்து வரப்புத் தூரத்துக்கு நெல் இல்லை. வெள்ளையாகப் பூத்த மண்ணில் உமரிச்செடி சிவந்து நிற்கிறது. அதற்கப்பால் பயிர் இருக்கிறது, ஆனால் குட்டையாக, நுனி கருகி. பண்ணைக்கரையின் அடியில் உப்புநீர் கசிவது கண்ணுக்குத் தெரியாது. உமரிச்செடிக்குத் தெரியும். வயல்காரர் வரப்பில் வந்து நின்றார். பிடிப்பு நடக்கிற குட்டையைப் பார்த்தார். எதுவும் சொல்லவில்லை. குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து நாக்கில் வைத்துத் துப்பிவிட்டுப் போனார்.

இந்த மண்ணுக்காகப் பேசியவர்கள் உண்டு. கீழ்வெண்மணிப் படுகொலைக்குப் பிறகு இந்தப் பகுதிக்கு வந்து, நிலமில்லாதவர்களுக்கு நிலம் வாங்கிக் கொடுப்பதையே வாழ்க்கையாக்கிக்கொண்ட ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும். வாங்கிக் கொடுத்த வயல்களுக்குப் பக்கத்திலேயே இறால் குட்டைகள் முளைத்தபோது, எண்பது வயதை ஒட்டியிருந்த காந்தியர் ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1996 டிசம்பர் 11ஆம் தேதி தீர்ப்பு வந்தது. உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் இருந்த நவீனப் பண்ணைகளை அகற்றச் சொன்னது. விளைநிலத்தையும் உப்பளத்தையும் அலையாத்திக் காட்டையும் ஊர்ப் பொது நிலத்தையும் இறால் குட்டையாக மாற்றக் கூடாது என்றது. கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும் என்றது. அந்தத் தீர்ப்பு முழுமையாக நடைமுறைக்கு வரவில்லை. 2005இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றிக் கடலோரப் பண்ணைகளுக்கென்று ஓர் ஆணையத்தை அமைத்தது. 500 மீட்டர் 200 மீட்டராகச் சுருங்கியது. ஏற்கெனவே இருந்த பண்ணைகள் நிலைத்தன.

அந்த ஆணையத்தின் விதிகளில் நல்லவை இருக்கின்றன. ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை வனாமிக் குஞ்சு விடலாம் என்பதற்கு வரம்பு உண்டு. ஆன்டிபயாடிக் பலவற்றுக்குத் தடை. கழிவுநீரைச் சுத்திகரித்த பிறகே வெளியே விட வேண்டும். ஆனால் இந்தக் கரையில் என் கண்ணுக்கு எட்டிய வரை பெரிய பண்ணை ஒன்றுகூட இல்லை. எல்லாம் இரண்டு ஏக்கர், நாலு ஏக்கர். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொருவரும் சிறு விவசாயி. சேர்த்து வைத்தால் ஒரே கழியில் விழுகிற ஒரு பெரிய பண்ணை. விதி தனித்தனியாகப் பார்க்கிறது. கழிக்கு அப்படிப் பார்க்கத் தெரியாது.

மத்தியானம் கழியின் வளைவைத் தாண்டிப் போனால் வேறொரு பண்ணை. அங்கேயும் நாலு குட்டை. கடைசிக் குட்டையில் மட்டும் ஏரேட்டர் இல்லை. நடுவில் மண்ணைக் கொட்டி மூன்று தடுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். மற்ற மூன்று குட்டைகளின் தண்ணீரும் முதல் தடுப்பில் வந்து தேங்கிச் சேற்றை இறக்கிவிட்டு, அடுத்ததற்கு மெல்ல வழிகிறது. இரண்டாவதில் மடவை மீன்கள் வாயைத் திறந்து திறந்து மேற்பாசியை மேய்கின்றன, பால்மீனும் உண்டு. அவற்றுக்குத் தீவனம் போடுவதில்லை, இறால் குட்டையின் எச்சமே சாப்பாடு. மூன்றாவது தடுப்பின் கரையோரம் அலையாத்திக் கன்றுகள் இடுப்பு உயரத்துக்கு வந்திருக்கின்றன. அதன் மதகில் வழியும் தண்ணீர் தெளிந்த நீர் இல்லை. ஆனால் அடி தெரிகிறது, நாறவில்லை. கொக்கு ஒன்று அந்த வாயிலேயே நின்று மீன் பார்க்கிறது. முதல் பண்ணையின் வாய்க்காலில் காலையிலிருந்து கொக்கு எதுவும் வந்து நிற்கவில்லை.

அந்த நாலாவது குட்டைக்காக அந்தப் பண்ணைக்காரர் ஒரு குட்டை இறாலை விட்டுக்கொடுத்திருக்கிறார். பக்கத்துப் பண்ணையாள் ஒருவன் அவரிடம் கேட்டான்: “ஏண்ணே, நாலு குட்டைக்காரங்க எவனும் செய்யல. நீங்க மட்டும் எதுக்கு?”

“அந்தத் தண்ணியத்தான நானும் திரும்ப இறைக்கணும்” என்றார் அவர்.

உப்புநீரை விட்டு மேற்கே போனால் மீன் வளர்ப்புக்கு வேறு முகம் உண்டு. போன மாதம் பார்த்த குளம் ஒன்று நினைவில் நிற்கிறது. மேல் தண்ணீரில் கட்லா, நடுவில் ரோகு, அடியில் மிர்கால். ஒன்றின் சாப்பாட்டில் இன்னொன்று வாய் வைக்காது. தவிடும் கடலைப் பிண்ணாக்கும் சாணமும் தீனி. இந்தக் கெண்டைகளுக்கு ஊசி மருந்து போட்டு முட்டையிட வைக்க 1957இல் ஒடிசாவில் வழி கண்டது முதல், நாட்டின் குளங்களெல்லாம் விளைநிலம் ஆயின. அந்தக் குளத்தின் வடிகால் தென்னந்தோப்புக்குள் போனது. தூர்வாரிய சேற்றைக் கத்தரிப் பாத்திக்கு வண்டி கட்டி எடுத்துப் போனார்கள். வெளியே போன தண்ணீருக்குக் காத்திருக்க ஒரு வேர் இருந்தது. அதற்காக அதைக் குறையே இல்லாத தொழில் என்றும் சொல்ல மனம் வரவில்லை. குஞ்சு விடுவதற்கு முன் இலுப்பைப் பிண்ணாக்கைக் கரைத்து ஊற்றியிருந்தார்கள். விராலும் குரவையும் கெளுத்தியும் வெள்ளை வயிற்றைக் காட்டி மேலே வந்தன. விற்கிற மீனுக்கு இடம் வேண்டும் என்று ஊர் மீனை முதலில் கொன்றுவிடுகிறோம். ஏரிகளில் இதைச் செய்வதை எப்படியும் நிறுத்த வேண்டும். ஏரி யாருடைய தனிக்குட்டையும் இல்லை.

முதல் பண்ணைக்குத் திரும்பி வரும்போது மணி நாலு. லாரி போய்விட்டது. முதல் குட்டை காலியாக, கறுப்பாக, வெடித்த உதடுபோல வெயிலில் கிடக்கிறது. பையன் கட்டிலில் குப்புறப் படுத்துத் தூங்குகிறான். சக்கரங்கள் மற்ற மூன்று குட்டையிலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. பண்ணைக்காரர் கூலியை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். வலை இழுத்தவர்களுக்கு, ஐஸ் உடைத்தவருக்கு, கிரேட் தூக்கியவர்களுக்கு. யாருக்கும் குறை வைக்கவில்லை. பையனின் பங்கைத் தனியாக மடித்து அவன் சட்டைப்பையில் வைக்கிறார்.

கழியின் வாயில் நுரை வந்து சேர்ந்திருக்கிறது. காலையில் தண்ணீரில் இறங்கிய பெண்கள் கரையில் உட்கார்ந்து பறியைக் கொட்டிப் பிரிக்கிறார்கள். அரைப் பறிகூட இல்லை. வயதில் இளையவள் ஒருத்தி கைகளைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறாள். முழங்கைவரை தடிப்புத் தடிப்பாக எழும்பியிருக்கிறது.

“நாளைக்கி இந்தத் தொறையில எறங்க வேணாம்டி. பலகை எடுத்துட்டாங்க” என்கிறார் அத்தை.

“எத்தன நாளு அத்த?”

“தண்ணி மாறணும்ல. மூணு நாளாவது ஆவும்.”

அவர்கள் எழுந்து போகிறார்கள். கரையில் கூலிக் கணக்கு முடிந்துவிட்டது. அந்த மூன்று நாளுக்கு அந்தக் கணக்கில் இடம் இல்லை.